நீ சொன்ன நாவலைப் படித்து முடித்தேன்

அன்புள்ள தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு அந்த நாவல்தான் காரணம். அதை முடித்துவிட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன், அது நகர்வேனா என்றது. இங்கே பையன் வேலை மாறிவிட்டான், மற்றபடி புதிதாக ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலி இப்போது எப்படி?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிடிக்கவில்லை. நீ அவ்வளவு ஆசையாகச் சொன்ன புத்தகம், அதனால் எழுதக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

தொடக்கம் அருமை. தோழிகளான இரண்டு சிறுமிகள் சண்டை போட்டுக்கொண்டு பள்ளி விட்டு வருகிறார்கள், தெருவுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. பேச்சில்லை. ஒருத்தி செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிகிறாள். மற்றவள் பார்க்காத மாதிரி நின்று, கிழிந்த சுவரொட்டி ஒன்றை மும்முரமாகப் படிக்கிறாள். அடடா, எழுதியவருக்கு இந்த வயது தெரிந்திருக்கிறதே என்று அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன்.

அப்புறம் அவர்களில் ஒருத்தி மற்றவளிடம் மறைக்கும் ரகசியம் வந்தது, நட்பு காணாமல் போனது. மறைத்தவள்தான் கதை சொல்கிறாள், அவளுக்கு அன்று உடுத்திய பாவாடையின் நிறம்கூட மறக்கவில்லை. ஆனால் அந்த ரகசியத்துக்குக் காரணமான சம்பவத்தை நெருங்கும்போதெல்லாம் டக்கென்று அத்தியாயம் முடிந்துவிடுகிறது. தோழியிடம் மறைத்தால் சரி, நம்மிடம் ஏன் மறைக்க வேண்டும்? அவளுக்கு ஒரு காரணமும் இல்லை, ஆசிரியருக்குத்தான் இருக்கிறது. அதுவும் பாதியிலேயே யூகிக்க முடிந்த ரகசியம்!

ஆங்கில எழுத்தாளர் எல்.பி. ஹார்ட்லி 1953-இல் எழுதிய 'தி கோ-பிட்வீன்' நாவல் நினைவிருக்கிறதா? 1900-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறைக்கு நண்பன் வீட்டுக்குப் போன சிறுவன் லியோ, நண்பனின் அக்காவுக்கும் ஒரு விவசாயிக்கும் நடுவே கடிதம் சுமப்பானே, அதுதான். என்ன நடக்கிறது என்று நமக்குச் சீக்கிரமே புரிந்துவிடும், அவனுக்குப் புரியாது. ஒட்டாமல் கொடுத்த ஒரு கடிதத்தில் கண்ணில் பட்டதைப் படித்துவிட்டு, சே, வெறும் காதல்தானா என்று ஏமாந்து போவான்! ஹார்ட்லி நம்மிடம் அதை ஒளிக்கவில்லை. அதனால்தான் அவன் ஓடும்போதெல்லாம் நமக்குப் பதறுகிறது.

சின்ன வயதில் ரகசியம் என்னவாக இருந்தால் என்ன, முதலில் யாரிடம் சொன்னாள் என்பதற்குத்தானே சண்டை வரும்? இந்த நாவலிலும் அது இருக்கிறது. மூன்றாவதாக ஒருத்திக்கு முன்பே தெரியும் என்று அறிந்ததும் அந்தத் தோழி ஒன்றும் பேசாமல் பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கிறாள், முனை உடைய உடைய. அரைப் பக்கம்தான். எனக்கு அந்த அரைப் பக்கம் முந்நூறு பக்கமாக வேண்டும். ஆசிரியரோ அந்த மூன்றாமவளை அதற்கப்புறம் எட்டியே பார்க்கவில்லை.

கடைசி அத்தியாயத்தில் அழுதுவிட்டதாக எழுதியிருந்தாய். எந்த இடத்தில்? நீ லேசில் அழுகிறவள் இல்லை, அதனால் கேட்கிறேன். விவரமாக எழுது. அப்படியே அந்த ஹார்ட்லி புத்தகத்தையும் அனுப்பிவை, அது உன்னிடம்தான் கிடக்கிறது.

அன்புடன்,
உன் தோழி