லீவுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை

பெற்றோர்களுக்கு வணக்கம். பிள்ளைங்க கையில எப்பவும் போன்தான்னு நேத்து நாலு பேர் வருத்தப்பட்டிருந்தீங்க. புளி உடைக்கும்போது கொட்டையைத் தூக்கிப் போடாதீங்க. தரையில சாக்பீஸால எதிரெதிரே ஏழேழு வட்டம், வட்டத்துக்கு 5 கொட்டை, மொத்தம் 70. பல்லாங்குழி தயார். எங்க வீட்டுச் சின்னவ ரெண்டாம் வகுப்பு. மூணாம் நாளே, எந்தக் குழியில எடுத்தா எங்க போய் முடியும்னு விரலால காத்துல எண்ணிப் பாத்துட்டுத்தான் கை வைக்கிறா. யாரும் சொல்லிக் குடுக்கல.

பெரியவனுக்குக் கோலம். நடுவுல 7 புள்ளி, இடுக்குப் புள்ளி 4 வரைக்கும், அதாவது ரெண்டு பக்கமும் புள்ளிகளுக்கு இடையில வச்சு வரிசைக்கு ஒண்ணா குறைச்சுக்கிட்டே வரணும். மொத்தம் எத்தனைன்னு கேட்டேன், 37-ன்னான். கோடு கோணலா வந்தா திருத்தாதீங்க, ப்ளீஸ். வாயில போடுற வயசுக் குழந்தை இருந்தா கொட்டையை எட்டாத இடத்துல வைங்க.

ஞாயிறு சாயங்காலம் 5 மணி, மொட்டை மாடி. கொட்டை நான் கொண்டு வரேன்.