நவம்பர் 1 விடுமுறையும் ஒரு வீட்டு வேலையும்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

நவம்பர் 1 நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. எதற்கு லீவு என்று ஏழாம் வகுப்பில் கேட்டேன். "தமிழ்நாடு பிறந்த நாள் சார்" என்றார்கள். பாதி சரி.

1956-ல் அந்த நாளில்தான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து வந்து நம் மாவட்டம் ஆயின. செங்கோட்டையும் அன்றே வந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களையும் கேட்டோம், கிடைக்கவில்லை. மலபார் கேரளத்துக்குப் போனது. ஆனால் நாம் வந்து சேர்ந்த மாநிலத்துக்கு அப்போது சென்னை மாநிலம் என்றுதான் பெயர். தமிழ்நாடு என்று பெயர் வைக்கச் சொல்லி விருதுநகரில் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டு அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1967 ஜூலை 18-ல்தான். அரசு இப்போது தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான்.

நேசமணி பெயரைச் சொன்னதும் வகுப்பில் ஒரே சிரிப்பு. செல்போனில் சுற்றிய வேடிக்கைதான் அவர்களுக்குத் தெரிகிறது. அப்புறம் நம் தாலுகாக்களைத் தமிழ்ப் பகுதியோடு சேர்க்கப் போராடிய தலைவர் மார்ஷல் நேசமணியைப் பற்றியும், அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் இறந்தவர்களைப் பற்றியும் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. சுடப்பட்ட இடங்கள் அவர்கள் தினமும் பஸ் ஏறுகிற ஊர்கள் அல்லவா?

அதனால் விடுமுறையில் ஒரு சின்ன வேலை. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், பள்ளியில் எந்த மொழியில் படித்தார்கள், அந்த நவம்பரில் ஊரில் என்ன நடந்தது என்று பிள்ளைகள் கேட்டு ஒரு பக்கம் எழுதி வரட்டும். பழைய பத்திரம் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். மலையாள எழுத்தும், கேரளத்து நாட்காட்டியான கொல்லம் ஆண்டும் இருக்கலாம். 1956 நவம்பர் என்றால் கொல்லம் 1132. அசலைத் தயவுசெய்து கொடுத்தனுப்ப வேண்டாம், செல்போனில் படம் எடுத்தால் போதும். போன வருஷம் ஒரு பிள்ளை பாட்டன் காலத்துப் பத்திரத்தைச் சோற்றுப் பாத்திரத்தோடு பைக்குள் வைத்துக் கொண்டுவந்துவிட்டான். குழம்பு படாமல் தப்பியது பெரிய புண்ணியம்.

விடுமுறைக்கு ஈடாக அடுத்து வரும் இரண்டாவது சனிக்கிழமை பள்ளி நடக்கும். மதிய உணவு உண்டு.

அன்புடன்,
தலைமையாசிரியர்