மூன்று படிகளும் ஒரு கடைசி பஸ்ஸும்
அரங்க நிதிக்கு ஒரு வேண்டுகோள்

நாடக அன்பர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு எங்கள் குழு, நல்ல காரியம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு தவறு செய்தது. இப்போது உங்களிடம் பணம் கேட்பதற்கான காரணம் அந்தத் தவறுக்குள்தான் இருக்கிறது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

எந்த நாடகத்துக்கும் கடைசிச் சில வரிசைகள் காலியாகக் கிடப்பது வழக்கம். விற்காமல் தங்கிய துணியை அடுத்த மாதம் விற்றுக்கொள்ளலாம். இன்று மாலை காலியாகப் போன இருக்கையை நாளைக்கு விற்க முடியாது. மூன்றாவது மணி அடித்ததும் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. டிக்கெட் வாங்க வசதியில்லாதவர்களுக்கு அந்த இருக்கைகளைச் சும்மா கொடுத்துவிடலாமே என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். 40 சீட்டுகளை எடுத்துவைத்து, வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள், பார்வையற்ற மாணவர்கள் என்று தேடித்தேடிப் போய்க் கொடுத்தோம். திரும்பி வரும்போது எங்களுக்கே எங்களை நினைத்துப் பெருமையாக இருந்தது.

வந்தவர்கள் 11 பேர்.

முதலில் எங்களுக்குக் கோபம்தான் வந்தது. சும்மா கொடுத்தால் மதிப்பிருக்காது என்று ஒருவர் முணுமுணுத்தார். பிறகு, கோபப்படுவதைவிடக் கேட்டுப் பார்ப்பது மேல் என்று தோன்றி, சீட்டு வாங்கியவர்களைத் தேடி மறுபடியும் போனோம். வராதவர்களில் பாதிப் பேர் சொன்ன காரணம் ஒன்றுதான்: நாடகம் முடிவது ஒன்பதரைக்கு, அவர்கள் பக்கம் போகும் கடைசி பஸ் ஒன்பதேகாலுக்கு. விளம்பரத்தாளில் நேரத்தை அச்சிட்ட நாங்கள் யாரும் பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்கள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வந்தவர்கள் சொன்னதைக் கேட்பது அதைவிடக் கடினமாக இருந்தது. அரங்க வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. சக்கர நாற்காலியில் வந்த ஒருவரை எங்கள் இளைஞர்கள் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள். நாங்கள் அதைச் சேவை என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் இடைவேளையில் வெளியே வரவே இல்லை. போனால் மறுபடியும் தூக்க வேண்டியிருக்கும் என்பதால், அன்று மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்திருந்தார். “நாடகம் நன்றாக இருந்தது, இனிமேல் வர மாட்டேன்” என்றார். இரண்டையும் ஒரே மூச்சில், எந்த வருத்தமும் காட்டாமல் சொன்னார்.

காது மந்தமான ஒரு பெரியவர், செவிக்கருவி போட்டிருந்தும் பின்வரிசையில் அவருக்குக் கேட்டதெல்லாம் விசிறிச் சத்தமும் இருமலும்தான். “எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்” என்றார்.

இன்னொரு பெண்மணி எதையும் சொல்லாமல் தன் சீட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். மற்றவர்களுக்கு வெள்ளைச் சீட்டு, அவருக்கு மஞ்சள். குறுக்கே ‘இலவசம்’ என்று ரப்பர் முத்திரை. வாசலில் நின்றவர் அதைப் பார்த்துவிட்டு, “இலவசமெல்லாம் அந்தப் பக்கம்” என்று வரிசையில் நின்ற அனைவருக்கும் கேட்கும்படி கைகாட்டியிருக்கிறார். அந்த முத்திரையைக் குத்தியது இந்தக் கடிதத்தை எழுதுகிறவன்தான். கணக்குக்கு வசதியாக இருக்கும் என்று குத்தினேன்.

ஆக, விலையை எடுத்துவிட்டால் கதவு திறந்துவிடும் என்று நினைத்தோம். விலை முதல் கதவு மட்டும்தான். அதற்குப் பின்னால் படிக்கட்டு, பஸ், கேட்காத வசனம், தெரியாத காட்சி, மஞ்சள் சீட்டு என்று வரிசையாக இத்தனை கதவுகள் இருந்தன. அவற்றைத் திறக்கத்தான் இந்த நிதி.

இதை முதலில் யோசித்தவர்கள் நாங்கள் அல்ல. பண்டைய ஏதென்ஸில், குடிமக்கள் நாடக விழாவுக்கு வர அரசே பணம் கொடுக்க ‘தியோரிக்கான்’ என்ற நிதி இருந்தது. நாடகம் பார்ப்பது குடிமகனுடைய வாழ்வில் ஒரு பகுதி என்று அவர்கள் கருதினார்கள். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில், குளோப் அரங்கின் திறந்த முற்றத்தில் நின்று பார்க்க ஒரு பென்னி போதும். மழை பெய்தால் நனைய வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி 1890இல் பெர்லினில் தொடங்கிய ஃப்ரையே ஃபோல்க்ஸ்பியூனே என்ற மக்கள் அரங்க அமைப்பு. தொழிலாளர்கள் சிறு சந்தா கட்டி உறுப்பினராவார்கள். எல்லோருக்கும் ஒரே கட்டணம். யாருக்கு எந்த இருக்கை என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கும். முன்வரிசை வசதியுள்ளவருக்கு, தூண் மறைக்கும் மூலை இல்லாதவருக்கு என்ற ஏற்பாட்டையே ஒரு சீட்டுக் குலுக்கலில் ஒழித்துவிட்டார்கள். எங்கள் ரப்பர் முத்திரையை நினைத்து மறுபடியும் வெட்கப்பட்டோம்.

‘டிக்கெட் விலையை ஒரேயடியாகக் குறைத்தால் என்ன, நன்கொடை எதற்கு?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1966இலேயே இதற்குப் பதில் எழுதிவிட்டார்கள். மற்றத் தொழில்களில் இயந்திரம் வந்து, குறைந்த ஆட்களைக்கொண்டு அதிகப் பொருள் செய்ய முடிகிறது. நாடகத்தில் அது நடக்காது. ஆறு பாத்திரங்கள் இருந்தால் அன்றும் ஆறு பேர் வேண்டும், இன்றும் ஆறு பேர் வேண்டும். இரண்டு மணி நேர நாடகத்தை ஒரு மணியில் நடித்து முடித்துச் செலவை மிச்சப்படுத்த முடியாது. வெளியுலகில் கூலி ஏறும்போது நடிகருக்கும் ஒளியமைப்பாளருக்கும் ஏற்றித்தான் ஆக வேண்டும். அவர்கள் பாதி வயிற்றோடு நடித்துக் கொடுத்தால்தான் மக்களுக்கு மலிவாகக் கிடைக்கும் என்பது எங்களுக்கு உடன்பாடில்லை. எனவே ஏழைப் பார்வையாளரின் டிக்கெட்டை ஏழை நடிகரின் சம்பளத்திலிருந்து பிடிக்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டோம். இந்த நிதியிலிருந்து இருக்கைக்கான முழு விலையும் நாடகக் குழுவுக்குப் போய்ச் சேரும். அமர்கிறவர் தம்மால் முடிந்ததைக் கொடுப்பார், அல்லது ஒன்றும் கொடுக்க மாட்டார். சீட்டு ஒரே நிறம். முத்திரைக்கட்டையைத் தூக்கி எறிந்தாயிற்று.

இனிப் பணம் எங்கே போகும் என்று சொல்கிறோம்.

முதல் வேலை சாய்தளம். ஒரு படி 15 செ.மீ. உயரம், மூன்று படிக்கு 45 செ.மீ. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது பாதுகாப்பான சரிவுக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதன்படி 540 செ.மீ. நீளம் வேண்டும், மேலும் கீழும் நாற்காலி திரும்ப இடமும் வேண்டும். இடம் இல்லை என்று சரிவைச் செங்குத்தாக்கிச் சாய்தளம் கட்டியதாகப் பெயர் பண்ணுகிற இடங்களை நிறையப் பார்த்திருக்கிறோம். அவை போட்டோ எடுக்க மட்டுமே உதவும். எங்கள் வாசலில் அந்த நீளத்துக்கு, விளம்பரப் பலகை நிற்கும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். செய்கிறோம். உள்ளே நடு வரிசையில் நான்கு இருக்கைகளைக் கழற்றி இரண்டு சக்கர நாற்காலிகளுக்கு இடம் விடுகிறோம். கூட வருபவர் பக்கத்திலேயே உட்காரலாம். கழிப்பறை வாசலையும் அகலப்படுத்தியாக வேண்டும். தண்ணீர் குடிக்காமல் வந்தவரை நாங்கள் மறக்கவில்லை.

அடுத்தது செவிக்கருவிக்கான காந்த வளையம். அரங்கின் தரையைச் சுற்றி ஒரு கம்பி ஓடும். மேடை மைக்கின் ஒலி, ஆம்ப்ளிஃபயர் வழியாக அந்தக் கம்பிக்குப் போய்க் காந்த அலையாக மாறும். செவிக்கருவிக்குள் இருக்கும் சிறு சுருள் அதை வாங்கி நேரே காதுக்குள் பேசும். நடுவில் விசிறி இல்லை, இருமல் இல்லை. எல்லாச் செவிக்கருவியிலும் அந்தச் சுருள் இருக்காது என்பதால் கையில் கொடுக்க, அந்த ஒலியை வாங்கித் தரும் சிறு கருவிகள் சிலவும் தேவை. காதே கேளாதவர்களுக்கு வசனத்திரை. மேடையோரத்தில் ஒரு பலகையில் வசனம் வரிவரியாக ஓடும். அதைத் தானாக ஓட விட முடியாது. நடிகர் ஒரு நாள் மூன்று விநாடி நிறுத்துவார், மறுநாள் ஏழு விநாடி. அடுத்த வரி முந்திக்கொண்டு வந்தால் நகைச்சுவை செத்துவிடும். ஆகவே ஒத்திகைக்கெல்லாம் வந்து உட்கார்ந்து, நடிகரின் மூச்சறிந்து வரியைத் தள்ளுகிற ஆள் ஒருவர் வேண்டும். அவருக்குச் சம்பளம் வேண்டும். சைகைமொழிபெயர்ப்பாளருக்கும் அப்படியே, அவரை இருட்டு மூலையில் நிறுத்தாமல், நடிகரையும் அவரையும் ஒரே பார்வையில் காணும்படி விளக்கடியில் நிறுத்த வேண்டும்.

பார்வையற்றவர்களுக்கான விவரிப்பு எங்களுக்குத் தனி உற்சாகம் தந்த பகுதி. 1981இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில், பார்வை இழந்தவரான மார்கரெட் என்ற பெண்மணியும் கோடி ஃபேன்ஸ்டீல் என்பவரும் சேர்ந்து இதை முறையாக வளர்த்தெடுத்தார்கள். வசனத்துக்கு வசனம் விழும் இடைவெளியில், மேடையில் நடப்பதை ஒரு குரல் காதுக்கருவியில் மெல்லச் சொல்லும்: ‘கடிதத்தை மடிக்கிறாள். கிழிக்கவில்லை.’ அவ்வளவுதான், அவள் மனத்தை விளக்கிச் சொல்லக் கூடாது, அது பார்வையாளரின் வேலை. சென்ற மாதம் ஒரு சோதனைக் காட்சி நடத்தினோம். தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பார்வையற்ற மாணவர்கள் ஐந்து பேரை மேடைக்கு அழைத்துப் பொருள்களைத் தொட்டுப் பார்க்க விட்டோம். ஒரு மாணவி அரசனின் கிரீடத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “அட்டையா இது?” என்று கேட்டுச் சிரித்தாள். உள்விளிம்பில் பசை கட்டியிருந்த இடத்தை விரலால் இரண்டு முறை நிரடினாள். பிறகு நாடகத்தில் அந்தக் கிரீடம் கீழே விழும் கட்டம் வந்தது. சத்தம் கனமாகக் கேட்க வேண்டும் என்று மேடைக்குப் பின்னால் ஒருவர் பித்தளைத் தட்டைத் தட்டுவார். அரங்கம் முழுவதும் உறைந்திருந்த அந்த நொடியில் அவள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். இயக்குநருக்குக் கொஞ்சம் மனக்குறைதான். எங்களுக்கு இல்லை, அந்த அரங்கில் அன்று எல்லோரையும்விட அதிகம் தெரிந்த பார்வையாளர் அவள்தான்.

இவை தவிர, மாதம் ஒரு பகல்காட்சி, இரவுக் காட்சி முடிந்து வீடு திரும்ப ஒரு வாடகை வேன், இருட்டும் திடீர்ச் சத்தமும் தாங்காத குழந்தைகளுக்காக விளக்கை முழுக்க அணைக்காமல், கதவைப் பூட்டாமல், எழுந்து நடந்தாலும் யாரும் ‘உஷ்’ சொல்லாமல் நடத்தும் தளர்வுக் காட்சிகள். இவற்றுக்குப் பெரிய செலவில்லை, மனம் வைத்தால் போதும் என்று எழுத ஆசைதான்; வேன்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

‘படம்பிடித்துத் திரையில் காட்டினால் எல்லோரும் பார்க்கலாமே’ என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் வாதாடினார். லண்டன் நேஷனல் தியேட்டர் 2009இலிருந்து தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு ஒளிபரப்பி, அரங்குக்கு வரவே வாய்ப்பில்லாத ஏராளமானவர்களிடம் கொண்டுபோயிருக்கிறது. அதை நாங்கள் குறைசொல்லவில்லை. ஆனால் திரையில் இருப்பவருக்கு நம் சிரிப்பு கேட்காது. அரங்கில் அமர்ந்தவர் மூச்சை இழுத்துப் பிடித்தால் மேடையில் நிற்பவருக்குத் தெரியும், அடுத்த வரி ஒரு நொடி தள்ளி வரும். வசதியுள்ளவருக்கு அரங்கம், இல்லாதவருக்குத் திரை என்று பிரித்துவிட்டால் மறுபடியும் அது மஞ்சள் சீட்டுதான்.

நீங்கள் எப்படித் தரலாம்? ஒரு இருக்கைக்கான விலை, ஒரு மாலைக்கான வேன், சாய்தளத்தில் ஒரு முழம், எப்படி நினைத்துக்கொண்டும் தரலாம். சிறு தொகை தர வெட்கப்பட வேண்டாம். மாதாமாதம் வரும் சிறு தொகையை நம்பி ஓர் ஆண்டுக்கான காட்சிகளைத் திட்டமிட முடியும். ஒரே முறை வரும் பெருந்தொகையை நம்பி அது முடியாது. பணமாக முடியாதவர்கள் தச்சு வேலை, மின்வேலை, வசனம் தட்டச்சு செய்வது, வாசலில் நின்று வழிகாட்டுவது என்று நேரமாகத் தரலாம். வழிகாட்டுகிறவர்களுக்கு ஒரு மாலைப் பயிற்சி உண்டு. முதல் பாடம், குரலைத் தாழ்த்திப் பேசுவது.

பணம் தனி வங்கிக் கணக்கில் இருக்கும். இருவர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாது. குழு உறுப்பினர் எவரும் இதிலிருந்து சம்பளமோ பயணப்படியோ பெறுவதில்லை. வரவுசெலவு மாதம் ஒருமுறை அரங்க வாசலில், படிக்கும் அளவு எழுத்தில் ஒட்டப்படும். நாடகத் தயாரிப்புக்கு இந்தப் பணம் போகாது, அதற்கு வேறு வழி பார்த்துக்கொள்வோம்.

ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிட வேண்டும். நன்கொடையாளர் பெயரை இருக்கையின் முதுகில் பொறிக்கும் வழக்கம் பல அரங்குகளில் உண்டு. எங்களிடமும் சிலர் கேட்டார்கள், பெரிய தொகைக்காரர்கள். மறுத்துவிட்டோம். இன்னாருடைய தயவில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருவரின் முதுகுக்குப் பின்னால் எழுதிவைத்துக்கொண்டு நாடகம் பார்க்கக் கூப்பிட எங்களுக்கு மனம் வரவில்லை. அவர்களில் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார், மற்றவர் பெயரில்லாமலே கொடுத்தார்.

சாய்தளத்துக்கு அளவெடுத்தாயிற்று. கம்பி வளையத்துக்கான வேலை, தரை விரிப்பை எடுக்கும்போதே முடிந்தால் செலவு பாதியாகும். ஆகவே இரண்டையும் ஒன்றாகத் தொடங்கக் காத்திருக்கிறோம். நன்கொடையை அரங்க அலுவலகத்தில் மாலை நேரங்களில் நேரில் செலுத்தலாம். ரசீது உடனே கிடைக்கும். பெயரையும் தலைப்பெழுத்தையும் தெளிவாக எழுதிக் கொடுங்கள், சென்ற முறை இரண்டு ரசீதுகளில் மாறிப்போய், இருவரும் ஒருவர் கொடுத்ததற்கு மற்றவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்புடன்,
அரங்க நிதிக் குழுவினர்