காத்திருந்த ஆறு வருடமும் வரைந்த ஆறு வருடம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்பில் ஒரு வாசகர், ஒரு பொம்மைப் படம் சரியில்லை என்று இளவட்டங்கள் இணையத்தில் இப்படி அடித்துக்கொள்கிறார்களே, வேறு வேலையே இல்லையா என்று எழுதியிருந்தார். பெயரைச் சொல்லவில்லை, ஆனால் அது ஒன் பஞ்ச் மேன் என்ற ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர்தான் என்று அடித்துச் சொல்வேன். 2025 அக்டோபரில் அதன் மூன்றாவது சீசன் தொடங்கியதிலிருந்து செந்தூலில் எந்த மாமாக் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் பக்கத்து மேசையில் அந்தப் பேச்சுதான். நான் இளவட்டம் இல்லை, முப்பதைத் தாண்டியாச்சு, எனக்கும் அந்தக் கோபம் உண்டு. ஆனால் கோபப்படுகிறவர்களில் பாதிப் பேர் யாரைத் திட்டவேண்டுமோ அவரை விட்டுவிட்டு வேறு ஆளைத் திட்டுகிறார்கள். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தெரியாதவர்களுக்குக் கதை ஒரு வரியில்: எவனையும் ஒரே குத்தில் சாய்த்துவிடும் மொட்டைத்தலை ஹீரோ சைட்டாமா, அதனாலேயே வாழ்க்கை போரடித்துப்போனவன். முதல் சீசன் 2015-இல் மேட்ஹவுஸ் ஸ்டூடியோவிலிருந்து வந்தது. ஒரே குத்தில் முடியப்போகிறது என்று தெரிந்தும் சண்டைக் காட்சிகளை ஆவென்று பார்த்தோம் என்றால் அந்த வேலை எப்படி இருந்திருக்கும் பாருங்கள். இயக்குநர் ஷிங்கோ நட்சுமேயின் முகத்துக்காகவே நல்ல கைகள் பல வந்து சேர்ந்தன என்பார்கள். 2019-இல் இரண்டாவது சீசன் ஜே.சி.ஸ்டாஃப் ஸ்டூடியோவுக்குப் போனது, இயக்குநரும் மாறினார், முணுமுணுப்பு அப்போதே ஆரம்பித்துவிட்டது. அப்புறம் ஆறு வருடம் ஒன்றும் இல்லை. அந்த இடைவெளிக்குப் பிறகு வந்ததில் காரோ என்ற முக்கியமான வில்லன் ஒரு சரிவில் இறங்கி வருகிறான். கை கால் எதிலும் அசைவில்லை. ஒரே ஒரு படம், அது அப்படியே கீழ்நோக்கி நகர்கிறது, கேஎல் சென்ட்ரல் எஸ்கலேட்டரில் நிற்கும் ஆள் மாதிரி. உலகம் முழுக்கக் கிண்டலடித்த காட்சி அது. நானும் சிரித்தேன், பிறகு வயிறு எரிந்தது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளவேண்டும். திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது, ஆனால் டிவி அனிமேயில் இருபத்து நான்குக்கும் தனித்தனியாக யாரும் வரைவதில்லை. ஒரு படத்தை மூன்று ஃப்ரேமுக்கு நிறுத்திவைத்தால் நொடிக்கு எட்டுப் படம் போதும், 1963-இல் ஆஸ்ட்ரோ பாய் வந்த காலத்திலிருந்தே இந்தச் சிக்கனம் உண்டு. ஆகவே படம் குறைவு என்பது குற்றமே இல்லை. எந்த இடத்தில் மிச்சம் பிடித்து எந்த இடத்தில் கொட்டுகிறார்கள் என்பதில்தான் கைவரிசை இருக்கிறது. மூன்றாவது சீசனில் மிச்சம் பிடித்தது தெரிகிறது, கொட்டிய இடம்தான் தெரியவில்லை.

கதை நகரவே மாட்டேன் என்கிறது என்று தனியாக ஒரு புகார் ஓடுகிறதே, அதையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். இந்தத் தொடருக்கு மூலமான மங்காவில், அதாவது ஜப்பானியக் காமிக்ஸில், ஓவியர் யூசுகே முராட்டா ஒரு பாய்ச்சலை இரண்டு பக்கம் முழுக்க வரைந்து வைப்பார். வாசகன் அதில் ஐந்து நிமிடம் நிற்கலாம், சட்டென்று புரட்டியும் விடலாம், வேகம் அவன் விரலில் இருக்கிறது. டிவியில் அதை வேறொருவர் முடிவு செய்யவேண்டும். படத்தை அசைக்க ஆளும் நேரமும் இல்லையென்றால் என்ன செய்வார்கள்? கேமராவை மெதுவாக நகர்த்துவார்கள், இவன் முகத்தைக் காட்டுவார்கள், எதிரில் நிற்பவன் முகத்தைக் காட்டுவார்கள், வசனத்தை நீட்டுவார்கள், பார்க்கிறவனுக்குக் கதை நொண்டுகிற மாதிரி இருக்கும். மற்றபடி இந்தப் பகுதியில் சைட்டாமா அதிகம் தலைகாட்டாமல் மற்ற ஹீரோக்களும் அரக்கர்களும் மோதிக்கொண்டிருப்பது மங்காவிலேயே உள்ளது, அதற்கு ஸ்டூடியோவைத் திட்டுவது நியாயமில்லை.

என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. தே ஓ ஐஸ் என்கிற பால் விடாத ஐஸ் டீ கிளாஸில் ஃபோனைச் சாய்த்துவைத்து, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு எபிசோடை ஓடவிட்டுப் பார்த்து முடித்து, “அனிமேஷன் படுமோசம் மாமா” என்றான். நீ ஓட்டுகிற ஓட்டத்தில் எவன் வரைந்தாலும் அப்படித்தான்டா தெரியும் என்றேன். “இல்ல மாமா, வேகமா ஓட்டினாத்தான் கொஞ்சமாவது அசையற மாதிரி இருக்கு” என்கிறான். இதற்கு என்ன பதில் சொல்வது?

ஆறு வருடம் இருந்ததே, அதில் கிழித்தது என்ன என்று கேட்கிறார்கள். ஆறு வருடம் காத்திருந்தது நாம், அவர்கள் ஆறு வருடமாக வரைந்துகொண்டிருக்கவில்லை. மூன்றாவது சீசன் உண்டு என்று அறிவித்ததே 2022 ஆகஸ்டில்தான். இம்மாதிரித் தொடர்களுக்குப் பணம் போடுவது பெரும்பாலும் தயாரிப்புக் குழு என்ற ஒரு கூட்டு. பதிப்பகம், டிவி, இசை நிறுவனம், பொம்மை விற்பவர் என்று பலர் அதில் இருப்பார்கள், தேதியும் பட்ஜெட்டும் அங்கேதான் முடிவாகும். ஸ்டூடியோ கூலிக்கு வேலை செய்கிற இடம்தான் பல நேரம். வரைகிறவர்களில் நிறையப் பேர் படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஒரே சமயத்தில் நாலு தொடருக்கு ஓடுகிறவர்கள். இது எதையும் பார்க்காமல் இந்த சீசனின் இயக்குநரை எக்ஸ் கணக்கையே மூடிவிட்டுப் போகும் அளவுக்கு வசைபாடினார்களே, அது அசிங்கம். ரசிகன் என்று சொல்லிக்கொண்டு செய்கிற வேலையா அது?

இன்னொரு பக்கம் ஒன் பீஸ் என்ற அனிமே. 1999-இலிருந்து வாராவாரம் ஓடிய தொடர், மங்காவை எட்டிப் பிடித்துவிடக் கூடாதே என்று ஒரு அத்தியாயத்தையே ஒரு எபிசோடுக்கு இழுத்து இழுத்து, போன வாரக் கதையைச் சொல்லியே சில நிமிடங்களைக் கழித்த தொடர். ஒருவழியாக 2026 முதல் ஆண்டுக்கு அதிகபட்சம் 26 எபிசோடுதான் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். ப்ளீச் என்ற இன்னொரு அனிமே 366 எபிசோடோடு 2012-இல் நின்று, பத்து வருடம் கழித்து 2022-இல் திரும்பியது, அதுவும் பகுதி பகுதியாக, நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி விட்டு. அங்கே புகார் தலைகீழ், கதை ரொம்ப ஓடுகிறது என்று. ஆனாலும் பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் விசிடி வாங்கிப் பார்த்து வளர்ந்த எங்கள் செட்டு பொறுமையாக இருந்தது, ஏனென்றால் வந்தது கண்ணுக்கு நிறைவாக இருந்தது. தாமதமாக வந்தாலும் பரவாயில்லை, ஒழுங்காக வரட்டும் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள், தேதி குறிக்கிறவர்கள் காதில்தான் அது விழவேண்டும்.

கடைசியாக உங்களிடம் ஒரு கோரிக்கை. சினிமா விமர்சனத்துக்கு வாராவாரம் பக்கம் ஒதுக்குகிறீர்கள். டிசம்பரில் காமிக் ஃபியஸ்டா என்ற அனிமே, காமிக்ஸ் ரசிகர் விழா வந்தால் மட்டும் வேஷம் கட்டியவர்களின் படம் ஒன்றைப் போட்டு இரண்டு வரியில் முடித்துவிடுகிறீர்கள். எஜென் அலி, போபோய்போய் மாதிரி கார்ட்டூன் தொடர்கள் எல்லாம் எடுக்கிற ஸ்டூடியோக்கள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. அவை முப்பரிமாணம், வேலை முறை வேறு, ஆனால் கெடு என்றால் என்ன என்று அவர்களுக்கும் தெரியும். ஒரு நிருபரை அனுப்பி, ஒரு எபிசோடு முடிக்க எத்தனை வாரம், எத்தனை பேர், யார் தேதி குறிக்கிறார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டுவதாக இருந்தால் ஒன் பீஸ் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள், எஸ்கலேட்டரில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்