நெபுலா படத்துக்கு அடியில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நடுப்பக்கத்தில், விண்வெளியில் மிதக்கும் வாயு, தூசி மேகமான கழுகு நெபுலாவின் 'படைப்பின் தூண்கள்' படத்தை விரித்துப் போட்டிருந்தீர்கள். ரிஜிஸ்டர், அதாவது ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறம் பொருந்தி உட்காருவது, ஓர் இழைகூட விலகவில்லை. சிவகாசியில் முப்பத்தோரு வருஷம் ஆப்செட் மெஷினில் நின்றவன் சொல்கிறேன், நல்ல வேலை. படத்துக்கு அடியில் 'ஹப்பிள் கண்ட வண்ணங்கள்' என்று போட்டீர்களே, அதுதான் உறுத்துகிறது.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கேமரா வண்ணத்தைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வடிகட்டியாக மாற்றி மாற்றி எடுப்பது கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். 1995-இல் எடுத்த இந்தப் படத்துக்கு மூன்று வடிகட்டிகள்: கந்தக ஒளிக்கு ஒன்று, ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு ஒன்று. பிறகு கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் கொடுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினார்கள். நிறத்துக்கு ஒன்றாக நாங்கள் மெஷினில் மாட்டும் அச்சுத்தகடு, அந்தப் பிளேட் கதையேதான். பிளேட்டுக்கு ஏது நிறம்? எந்த மையை ஊற்றுகிறோமோ அதுதான் நிறம்.

எங்கள் தெரு சலூனில் அந்தப் பக்கத்தைப் பார்த்த ஒருவர், "எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்ட கலருண்ணே, சும்மா" என்றார். அதுவும் தப்பு. ஹைட்ரஜனும் கந்தகமும் உள்ளபடியே சிவப்பாகத்தான் ஒளிர்கின்றன. இரண்டையும் சிவப்பாகவே அச்சடித்தால் எது எங்கே என்று யாருக்குத் தெரியும்? பிரித்துக் காட்டத்தான் ஹைட்ரஜனைப் பச்சைக்கு மாற்றினார்கள். 2022-இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த அதே தூண்களோ, கண்ணுக்கே எட்டாத அகச்சிவப்பு ஒளியில் எடுத்தவை. தூசியை ஊடுருவி வரும் ஒளி என்பதால் ஹப்பிள் படத்தில் மறைந்திருந்த நட்சத்திரங்கள் அதில் கொட்டிக் கிடக்கின்றன.

இன்னொன்று. கட்டுரையாளர் 'அடர்ந்த புகைமண்டலம்' என்று எழுதியிருக்கிறார். நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. ஓரியன் நெபுலா என்ற இன்னொரு மேகத்தின் நடுப்பகுதியிலேயே அதே இடத்தில் சில ஆயிரம் துகள்கள்தான். ஒளியாண்டுக் கணக்கில் ஆழம் இருப்பதால்தான் அது நமக்கு மேகமாகத் தெரிகிறது.

இந்த மெலிவுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் என்ற வானியலாளர் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, பூமியில் யாரும் பார்த்திராத பச்சைக் கோடு ஒன்று வந்தது. புதுத் தனிமமாக இருக்கும் என்று 'நெபுலியம்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். 1927-இல்தான் ஐரா போவன் என்ற இயற்பியலாளர் அந்தப் புதிரை விடுவித்தார்: அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன். அந்த ஒளியை வெளியிட அணுவுக்குப் பல வினாடிகள் இடிபடாத நிம்மதி வேண்டும். நம் காற்றில் அதற்கு வழியே இல்லை, அவ்வளவு நெரிசல். நீங்கள் நீலமாக அச்சிட்டது இந்தப் பச்சையைத்தான்!

வாசகர்கள் தாங்களே பார்க்கலாம். தை மாதத்து இரவில் திருவாதிரை நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்குத் தெற்கே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கு வாருங்கள். அவற்றுக்கும் தெற்கே வாள்போல மங்கலாகத் தொங்கும் நட்சத்திர வரிசையின் நடுவில்தான், 1,350 ஒளியாண்டுக்கு அப்பால், ஓரியன் நெபுலா இருக்கிறது. பேரனுக்கு வாங்கிய பைனாகுலரில் பார்த்தேன். சுண்ணாம்பு தொட்ட விரலைக் கறுப்புத் துணியில் இழுத்தாற்போல ஒரு சாம்பல் தீற்றல். மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. பேரன் உங்கள் நடுப்பக்கத்தை நினைத்துக்கொண்டு வந்தவன், "இவ்ளோதானா தாத்தா?" என்று பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன் முகம் போன போக்குதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

அடுத்த முறை நெபுலா படம் போட்டால், எந்த நிறம் எந்த வாயுவுக்கு என்று அடியில் ஒரு வரி சேருங்கள். இடமில்லை என்றால் படத்தை அரை அங்குலம் குறைக்கலாம், தப்பில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுத் தொழிலாளி,
சிவகாசி.