பாஸ்கரனுக்கு, மலைகளோட பேர் பத்தி

டேய் பாஸ்கரா,

உன் லெட்டர் வந்துச்சு. கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்ச பிறகுதான் நிம்மதியாச்சு, சொட்டு மருந்தை மட்டும் நேரந்தவறாம விட்டுக்கோ, கொஞ்ச நாளைக்கு தலைக்கு ஊத்தாத. இங்க மல்லிகாவுக்கு சுகர் கன்ட்ரோல்ல இருக்கு. சின்னவளுக்கு ஒரு வரன் கூடி வர்ற மாதிரி இருக்கு, முடிவானதும் போன் பண்றேன்.

அலாஸ்காவுல இருந்து உன் பையன் அனுப்பின போட்டோ பத்தி கேட்டிருந்தியே, அவன் டெனாலின்னு எழுதியிருக்கான், நியூஸ்ல மெக்கின்லின்னு சொல்றாங்க, எதுடா சரின்னு. என்னைக் கேட்டா டெனாலிதான். 6,190 மீட்டர், வட அமெரிக்காவுலயே அதுக்கு மேல உசரம் கிடையாது, அதோட அடிவாரத்துல காலங்காலமா இருக்குற கொயுகான் ஜனங்க கூப்பிட்ட பேர் அது. 1896ல தங்கம் தேடிப் போன டிக்கின்னு ஒருத்தர், அப்ப பிரசிடென்ட் எலெக்‌ஷன்ல நின்ன மெக்கின்லியை அவருக்குப் பிடிக்கும்ங்கறதுக்காக அந்தப் பேரை வச்சு பேப்பர்ல எழுதிட்டாரு, 1917ல கவர்ன்மென்ட்டும் அதையே பதிஞ்சுடுச்சு. மெக்கின்லி ஒஹையோக்காரரு, கடைசி வரைக்கும் அலாஸ்கா பக்கமே போகல. அலாஸ்கா ஸ்டேட்டே 1975ல டெனாலின்னு மாத்துங்கன்னு கேட்டுது, ஒஹையோ எம்.பி. ஒருத்தர் வருஷக்கணக்கா முட்டுக்கட்டை போட்டுக்கிட்டே இருந்தாரு, 2015ல ஒபாமா மாத்தினாரு, 2025 ஜனவரியில ட்ரம்ப் திரும்பவும் மெக்கின்லி ஆக்கிட்டாரு. சுத்தி இருக்குற நேஷனல் பார்க் பேர் மட்டும் இன்னும் டெனாலிதான். இன்னொண்ணு தெரியுமா, 1913ல அந்த உச்சியில முதல்ல கால் வச்சவன் வால்டர் ஹார்ப்பர், அம்மா வழியில அந்த ஊர் ஆதிகுடி, இருபது வயசுப் பையன். அந்தக் குழுவைக் கூட்டிட்டுப் போன பாதிரியார் ஹட்சன் ஸ்டக் மறுவருஷமே பழைய பேரைத் திருப்பிக் குடுங்கன்னு எழுதினாரு. நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, இன்னும் இழுபறியாவே கிடக்கு பாரு.

எனக்கு இதுல ஏன் இவ்ளோ வேகம்னா, நான் சர்வே டிபார்ட்மென்ட்ல குப்பை கொட்டினவன்ல. ஒரு கிராமத்துக்கு அளக்கப் போனா முதல்ல தலையாரியைத்தான் புடிப்போம், இந்தக் கரட்டுக்கு என்ன பேரு, அந்த ஓடைக்கு என்ன பேருன்னு கேட்டு, அவர் சொல்றதை அப்படியே எழுதிக்குவோம். நம்ம இஷ்டத்துக்கு ஒரு பேர் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. இந்த வழக்கம் நம்மளே கண்டுபுடிச்சதில்ல, வெள்ளைக்காரன் சர்வேயிலயே இருந்த ரூல்தான். அந்த ரூலை அவங்களே மீறின இடம்தான் எவரெஸ்ட்.

அந்தக் கதை ஆரம்பிக்கிறதே உங்க ஏரியாவுலதான்டா. 1802ல வெள்ளைக்கார சர்வேயர் லாம்ப்டன் பரங்கிமலையில இருந்து பெரும்பாக்கம் பக்கமா ஏழரை மைல் நேர்கோடு ஒண்ணு அளந்தாரு, நூறடி ஸ்டீல் சங்கிலி வச்சு, வெயில்ல இரும்பு எவ்ளோ நீளும்னு அதுக்கும் கணக்குப் போட்டு. அந்த ஒரு கோட்டுல இருந்துதான் முக்கோணம் மேல முக்கோணமா இந்தியா முழுக்க போனாங்க. கோணம் அளக்குற தியோடலைட்டை, அரை டன் எடை, தூக்கிக்கிட்டுத் திரிஞ்சாங்க, 1808ல தஞ்சாவூர் பெரிய கோயில் மேல ஏத்துறப்ப கயிறு அறுந்து அது செவுத்துல மோதி நசுங்கிடுச்சு, லாம்ப்டன் விடல, உக்காந்து அவரே சரி பண்ணி எடுத்தாரு. அவருக்கு அப்புறம் வந்தவருதான் ஜார்ஜ் எவரெஸ்ட், 1843ல ரிட்டயர் ஆகி இங்கிலாந்து போயிட்டாரு. இமயமலையில பதினஞ்சாம் நம்பர் சிகரம்னு குறிச்சு வச்சிருந்ததை நூறு மைலுக்கும் அப்பால இருந்து கோணம் எடுத்தாங்க, நேபாளத்துக்குள்ள விடமாட்டாங்கல்ல, அந்தக் கணக்கையெல்லாம் கல்கத்தா ஆபீஸ்ல ராதாநாத் சிக்தார் போட்டுப் பாத்து 1852 வாக்குல உலகத்துலயே உசரம் இதுதான்னு தெரிய வந்துச்சு. 29,002 அடி. இப்ப சேட்டிலைட் எல்லாம் வச்சு 2020ல அறிவிச்சது 8,848.86 மீட்டர், அடிக்கணக்குல 29,031 சொச்சம். அந்தக் காலத்துல கையால போட்ட கணக்கு முப்பது அடிதான் தள்ளியிருக்கு, நினைச்சா எனக்கு இன்னும் புல்லரிக்குது.

1856ல, எவரெஸ்ட்டுக்கு அப்புறம் சர்வே தலைவரா வந்த ஆண்ட்ரூ வா, லண்டன்ல இருக்குற ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டிக்கு எழுதுறாரு, ஊர்க்காரங்க பேரைத்தான் வைக்கணும்னு எங்க பழைய சீஃப் சொல்லிக் குடுத்தாரு, ஆனா இதுக்கு ஊர்ப்பேர் ஒண்ணும் கிடைக்கல, அதனால அவர் பேரையே வைக்கிறேன்னு. எவரெஸ்ட்டே வேணாம்னாரு, என் பேரை ஹிந்தியில எழுதவும் வராது இங்க உள்ளவங்க வாயில நுழையவும் செய்யாதுன்னு. கேக்கல, 1865ல அதே பேர் உறுதி ஆயிடுச்சு. இத்தனைக்கும் திபெத் பக்கம் ஜனங்க சோமோலுங்மான்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, 1730கள்லயே பாரிஸ்ல டான்வில் போட்ட மேப்புல அந்தப் பேர் இருந்துச்சு. ஆண்ட்ரூ வாவோட கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல, எல்லையைத் தாண்டிப் போய் கேக்க வழி இல்ல, சொல்றவங்களும் ஆளுக்கொரு பேர் சொன்னாங்க, கௌரிசங்கர்னு ஒருத்தர் அடிச்சுச் சொன்னாரு, கடைசியில அது வேற மலை. ஆனா தெரியலன்னா நம்பராவே விட்டிருக்கலாம்டா. உலகத்துல ரெண்டாவது உசரமான கே2வைப் பாரு, காரகோரம் சர்வேயில மான்ட்காமரி போட்ட வெறும் நம்பர்தான், காட்வின் ஆஸ்டின்னு இன்னொரு சர்வேயர் பேரை வைக்கப் பாத்தும் ஒட்டல, அந்த நம்பரே நிலைச்சுப் போச்சு. அடுத்தவன் பேரை ஒட்டுறதுக்கு அது எவ்வளவோ மேல். நேபாளத்துல சொல்ற சாகர்மாதா அவங்க வரலாற்று ஆசிரியர் பாபுராம் ஆச்சார்யா பின்னாடி வச்சது, அழகான பேர்தான், ஆனா பழசு சோமோலுங்மாதான்.

எனக்குப் புடிச்ச சங்கதி சிக்கிம்-நேபாள எல்லையில இருக்குற காஞ்சன்ஜங்கா மலையோடது. பேரும் மாறல, மரியாதையும் போகல. 1955ல முதல்முதலா ஏறின ஜார்ஜ் பேண்டும் ஜோ பிரவுனும் உச்சிக்குக் கொஞ்சம் கீழயே நின்னுட்டாங்க, சிக்கிம் ஜனங்களுக்கு அது சாமி, மேல கால் வைக்கமாட்டோம்னு வாக்கு குடுத்திருந்தாங்க. அதுக்கு அப்புறம் போனவங்கள்ல நிறைய பேர் இன்னைக்கும் அப்படித்தான் நின்னுட்டு இறங்குறாங்க.

ஒரே மலைக்கு நாலு பேர் இருந்தாலும் தப்பில்லன்னு சொல்ல வைக்கிறது இலங்கை சிவனொளிபாதமலை. 2,243 மீட்டர்தான். உச்சிப் பாறையில ஒரு பாதச் சுவடு, நம்ம சனம் சிவன் பாதம்ங்குது, பௌத்தர்கள் புத்தர் பாதம்னு ஸ்ரீபாதங்கறாங்க, முஸ்லிம்கள் ஆதம் நபியோட பாதம்ங்கறாங்க, புனித தோமையார் பாதம்னு சொல்ற கிறிஸ்தவங்களும் உண்டு. யாரும் யார் பேரையும் அழிக்கல, எல்லாரும் ராத்திரியில அதே படியில ஏறி சூரியன் உதிக்கிறதைப் பாத்துட்டு வர்றாங்க.

டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் அங்க சீசன். ஹட்டன் போய் நல்லதண்ணி வழியா ஏறணும், படி ஆயிரக்கணக்குல இருக்கும், ஆனா வழி நெடுக டீக்கடை, உக்காந்து உக்காந்து போகலாம். பிப்ரவரியில போலாமாடா? டாக்டர் மலை ஏறலாம்னு சொன்னாதான், கண்ணுல ரிஸ்க் எடுக்க வேணாம். உன் பாஸ்போர்ட் எந்த வருஷம் முடியுதுன்னு பாத்து சொல்லு, என்னுதை ரினியூ பண்ண அடுத்த வாரம் போறேன். கீதாவைக் கேட்டதா சொல்லு.

உன்,
ராஜேந்திரன்