இரவுக்கு எத்தனை நோயாளர்? கொழும்புத் தனியார் வைத்தியசாலை மேட்ரன்மாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேட்ரன்மாருக்கும், புதுத் தாதியரை வேலைக்கு எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிறு பின்னேரம் என் சித்தியின் மகள் இரண்டு கடிதங்களோடு வெள்ளவத்தையில் என் அறைக்கு வந்தாள். தாதியியல் பட்டம் முடித்தவள். தாதியர் பேரவையில் பதிந்தாயிற்று. அரச நியமனம் வரும்வரை சும்மா இருக்க விருப்பமில்லை. கொழும்பில் இரண்டு தனியார் வைத்தியசாலைகள் அவளை எடுக்க உடன்பட்டிருக்கின்றன. "எதற்கு அக்கா போகட்டும்?" என்று கேட்டாள். நான் தாதியாகிப் பதினொரு வருடம் ஆகிறது. இதற்குப் பதில் சொல்ல எனக்கென்ன கஷ்டம் என்றுதான் கடிதங்களை வாங்கினேன்.

அடிப்படைச் சம்பளம் இருந்தது. இரவுக் கொடுப்பனவு, வருகைக் கொடுப்பனவு, சீருடைக்கு எவ்வளவு பிடிப்பீர்கள், கடமை நேரத்தில் கைபேசி பாவித்தால் என்ன நடக்கும், இடையில் விட்டுப் போனால் எவ்வளவு கட்ட வேண்டும், எல்லாம் இருந்தன. ஒன்றில் மற்றதைவிட எட்டாயிரம் ரூபாய் கூட. ஆனால் எந்த வார்டு என்று இரண்டிலும் இல்லை. எத்தனை வாரத்துக்கு ஒரு மூத்த தாதி பக்கத்தில் நின்று காட்டித் தருவார், இரவில் அவள் பொறுப்பில் எத்தனை நோயாளர் இருப்பார்கள், ஒரு வரி கிடையாது. அப்படியானால் அந்தப் பிள்ளை எதை வைத்துத் தெரிவு செய்வது? எட்டாயிரத்தை வைத்துத்தான்.

வீட்டிலும் ஆளுக்கொரு கணக்கு. சித்திக்கு அரசாங்க வேலைதான் வேலை, பென்ஷன் இருக்கிறது. சித்தப்பாவுக்கு, வளைகுடாவுக்குப் போகப் பெரும்பாலும் இரண்டு வருட அனுபவம் கேட்பார்கள், அதை எங்கேயாவது ஓட்டிவிட்டால் சரி. அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் இப்போதே வளைகுடா உரிமத்துக்கான ப்ரொமெட்ரிக் பரீட்சைக்கோ, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலப் பரீட்சையான ஓஈடிக்கோ படிக்கிறார்களாம். 2022இன் பொருளாதார நெருக்கடியை இந்த ஊரில் இருந்து பார்த்த யாரும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் "எங்கேயாவது" என்ற சொல்தான் என்னைச் சுடுகிறது. நானும் அப்படி எங்கேயோதான் தொடங்கினேன்.

அந்த வைத்தியசாலையின் பெயர் வேண்டாம். அறிமுகப் பயிற்சி என்று மூன்று நாள். கைரேகை இயந்திரம், தீப்பிடித்தால் எந்தப் படிக்கட்டு, நோயாளியின் உறவினரோடு எப்படிச் சிரித்துக் கதைப்பது. நான்காம் நாள் வார்டு. இரண்டாம் வாரத்தில் ஓர் இரவு, என்னோடு போட்டிருந்த மூத்த தாதிக்குக் காய்ச்சல். மாற்று ஆள் வரவில்லை. பதினேழு கட்டில், நான், ஓர் உதவியாளர்.

இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு அன்டிபயோடிக் கொடுக்க வேண்டும். குப்பியில் தூள், அதைக் கரைக்க ஊசித் தண்ணீர். பத்து மில்லிலீட்டர் பிளாஸ்டிக் அம்பியூல் ஒன்றை எடுத்துக் கழுத்தைத் திருகி, சிரிஞ்சில் இழுத்தும்விட்டேன். அடுத்த வார்டு அக்கா ஒருவர் நரம்பில் போடும் பிங்க் கனுலா ஒன்று கடன் கேட்டு வந்தவர் தட்டைப் பார்த்தார். "நங்கி, ஏக்க கியவலா பலன்ன" என்றார். அதைக் கொஞ்சம் வாசித்துப் பார், தங்கச்சி. வாசித்தேன். பொட்டாசியம் குளோரைட். கலக்காமல் நரம்பில் நேரே ஏற்றினால் இதயத்தை நிறுத்திவிடக்கூடிய மருந்து. ஊசித் தண்ணீர்ப் பெட்டிக்குப் பக்கத்திலேயே அந்தப் பெட்டி, அதே அளவு அம்பியூல், அதே கண்ணாடி நிறம். செறிவான பொட்டாசியத்தை வார்டு அலமாரியில் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது என்பது எனக்கு மிகப் பிந்தித்தான் தெரிந்தது.

மருந்து கொடுக்கும் முன் ஐந்தைப் பார்க்க வேண்டும்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பரீட்சையில் இதற்கு நான் முழுப் புள்ளி வாங்கியவள். வாசிக்காதது என் பிழை, அதை யார் தலையிலும் போட மாட்டேன். ஆனால் பதினேழு பேரையும் ஒருத்தியிடம் விட்டது யார்? அந்த அக்காவும் யாருக்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்படியானதை எழுதிக் கொடுக்க ஒரு படிவம் உண்டென்றுகூடத் தெரியாது. காலை ஏழுக்கு ஒப்படைத்துவிட்டு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறியவள், வெள்ளவத்தை தாண்டியது தெரியாமல் தெஹிவளையில் இறங்கி நின்றேன்.

இது ஒரு பயந்த பிள்ளையின் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளைப் பார்த்து 2002இல் வெளியான ஆய்வு உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சத்திரசிகிச்சை நோயாளரில், ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடும் ஒவ்வொரு முறையும் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 7 வீதம் கூடியிருந்தது. கலிபோர்னியாவில் சட்டமே போட்டார்கள். 2005 முதல் அங்கே சாதாரண வார்டில் ஒரு தாதிக்கு ஐந்து நோயாளர்தான். கொழும்பில் நாளைக்கே ஐந்து என்று நான் கேட்கவில்லை. உங்கள் வார்டில் எத்தனை என்பதை, கையெழுத்து வாங்கும் முன் சொல்லுங்கள் என்கிறேன்.

ஆள் இல்லை, எல்லாரும் வெளிநாடு போகிறார்கள் என்பீர்கள். உண்மைதான். என்னோடு ஒரே நாளில் சேர்ந்த ஒன்பது பேரில் ஆறு பேர் ஒரு வருடத்துக்குள் போனார்கள். வெளிநாடு போனது இரண்டு பேர். மற்ற நான்கு பேரும் பயத்தில் போனார்கள். அதில் ஒருத்தி இப்போது வங்கியில் இருக்கிறாள். அவர்களுக்கு முதல் மூன்று மாதம் யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் உங்களுக்கு ஆள் இருந்திருக்கும்.

இன்னொன்று, தமிழ்ப் பிள்ளைகளை எடுக்கும் உங்களுக்கு மட்டும். யாழ்ப்பாணத்திலிருந்தும் ஹட்டனிலிருந்தும் நோயாளி வந்தால் எங்களைத்தான் கூப்பிடுவீர்கள். சத்திரசிகிச்சைக்கு ஒப்புதல் வாங்கும்போது டொக்டர் சொல்வதைத் தமிழில் சொல்ல, அழும் அம்மாவைச் சமாளிக்க. சந்தோசமாகத்தான் போவோம். ஆனால் அந்த அரை மணித்தியாலம் எங்கள் நோயாளரை யாரும் பார்ப்பதில்லை. எங்கள் மருந்து நேரம் பிந்தும், பிறகு பேச்சும் எங்களுக்குத்தான். அதையும் ஒரு வேலையாகக் கணக்கில் எடுங்கள். சிங்களத்தில் ஒப்படைப்பது பழகும்வரை புதுப் பிள்ளையை இரவில் தனியே போடவும் வேண்டாம்.

மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கத்தைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. விட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

தங்கச்சிக்கு நான் எதையும் தெரிவு செய்து கொடுக்கவில்லை. இரண்டு இடத்துக்கும் போய்க் கேட்கச் சொன்னேன். எந்த வார்டு, எத்தனை வாரம் துணை, இரவில் எத்தனை கட்டில். "கேட்டால் வாய்க்காரி என்று எடுக்காமல் விட்டுவிடுவார்களே அக்கா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அவள் முடிவு சொல்ல வேண்டும். புதன்கிழமை உங்களிடம் வருவாள். கேள்விகளைக் கொப்பித் தாளில் எழுதி நான்காக மடித்து வைத்திருக்கிறாள். கதைக்கும்போது குரல் கொஞ்சம் நடுங்கும். தயவுசெய்து அவள் வாசித்து முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாதி